சண்டைக்கு வெளியே சண்டைத் திறன்கள்

டேபிள்டாப் ரோல்பிளே ஆடும் பல மேஜைகளில் இதைப் பார்க்கலாம். ஆட்டத்தை நடத்தும் டிஎம் "இனிஷியேட்டிவ் உருட்டுங்க" என்று சண்டையைத் தொடங்கியதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கேரக்டர் ஷீட்டில் இருக்கும் மந்திரங்களும் வாள்வீச்சுகளும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கடைசி எதிரி விழுந்ததும் எல்லாம் உள்ளே போய்விடுகின்றன. அடுத்து ஒரு பூட்டிய கதவோ உடைந்த பாலமோ வந்தால், ஐந்து நிமிடத்துக்கு முன் ஓர் அரக்கனைப் பத்தடி தூரம் தூக்கியெறிந்த ஆள், "பூட்டுத் திறக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

இதற்கு ஆட்டக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த ஆட்டம் பிறந்த வீடு அப்படி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சின்னச் சின்னப் பொம்மைப் படைகளை மேஜையில் நகர்த்தி ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து வளர்ந்தது. 1971இல் வந்த செயின்மெயில் என்ற போர் ஆட்ட விதிநூல்தான் அதன் நேரடி முன்னோடி. அதனால் சக்திகளும் போர்க்களக் கணக்கிலேயே எழுதப்பட்டன: எவ்வளவு தூரம், எத்தனை பேர், எவ்வளவு சேதம். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் இது உச்சத்துக்குப் போனது. நினைத்தபோதெல்லாம் போடக்கூடியவை, ஒரு மோதலுக்கு ஒருமுறை போடக்கூடியவை, ஒரு நாளைக்கு ஒருமுறை போடக்கூடியவை என்று சக்திகளை அது வகை பிரித்தது. மோதலைக் கொண்டே கணக்கு வைத்தால், மோதல் இல்லாத இடத்தில் இதை எடுக்கலாமா என்ற தயக்கம் வரத்தான் செய்யும்.

தாராளமாக எடுக்கலாம். ஒவ்வொரு சக்தியும் ஆட்ட உலகத்தில் ஏதோ ஒரு காரியத்தைச் செய்கிறது. சூடாக்குகிறது, தள்ளுகிறது, அசையவிடாமல் நிறுத்துகிறது, சத்தம் எழுப்புகிறது. சேதம் அந்தக் காரியத்தின் ஒரு விளைவு, அவ்வளவே. காரியம் என்னவென்று பிடித்துவிட்டால், அது வேறு எங்கெல்லாம் உதவும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அப்படி உதவும்போது என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதுதான் டிஎம்மின் வேலை.

ஊருக்குள்ளேயே உதாரணம்

தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் பக்கம் ஆடும் குழுக்கள் இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம்.

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான தெருக்களும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தண்ணீர் புகுந்து அது சில நாட்கள் மூடப்பட்டது. பயணிகள் விமானங்கள் அரக்கோணத்தில் இருக்கும் கடற்படைத் தளமான ஐஎன்எஸ் ராஜாளிக்குப் போய் இறங்கின. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் கிளம்பின. வீரர்களையும் தளவாடங்களையும் சுமப்பதற்கென்று இருந்தவை, உணவுப் பொட்டலங்களை இறக்கின, மொட்டை மாடிகளில் சிக்கியவர்களைத் தூக்கின. ராமாபுரத்தில் மாடியில் மாட்டிக்கொண்ட நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை விமானப்படை ஹெலிகாப்டர் மேலே தூக்கிக் காப்பாற்றியதை அன்று டிவியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஹெலிகாப்டர் அதே ஹெலிகாப்டர்தான். அந்தரத்தில் அசையாமல் நிற்கும், கயிறு இறக்கும், எடை தூக்கும். போர்முனையில் எதற்காக அதை நம்புகிறார்களோ அதே மூன்று காரியங்கள்தான் ராமாபுரத்திலும் நடந்தன. அதன் தொல்லைகளும் கூடவே வந்தன. மின்கம்பிகள் பின்னிக்கிடக்கும் தெருவில் அது தாழ இறங்க முடியாது. விசிறிக் காற்று தகரக் கூரையைக் கிளப்பிவிடும். எரிபொருள் தீர்வதற்குள் திரும்பியாக வேண்டும். ஒரு சக்தியை மேஜையில் எடைபோடும்போது டிஎம் பார்க்க வேண்டியதும் இதே இரண்டு பக்கங்களைத்தான்.

இதன் மறுதிசையும் உண்டு, வெளி அறிவு களத்துக்குள் வருவது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பிரிட்டிஷ் படையிலிருந்த வில்லியம் லாம்டன், இரவு நடையில் நட்சத்திரங்களைப் பார்த்து, படை தவறான திசையில் போவதைக் கண்டுபிடித்துச் சொன்னார் என்பார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1802 ஏப்ரல் 10 அன்று, அவரே பரங்கிமலையில் சங்கிலி பிடித்து நிலத்தை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டர். இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவைக்கு அதுதான் முதல் கோடு. ஓர் ஆளின் திறமை களத்துக்குள்ளும் வெளியிலும் மாறி மாறி நடமாடுவது இயல்பு. கேரக்டர் ஷீட்டிலும் அப்படி நடமாட விட வேண்டும்.

அடிக்கும் கையும் ஆற்றும் கையும்

எல்லாவற்றையும்விட நெருக்கமான உதாரணம் வர்மம். வர்ம மரபில் உடலில் 108 புள்ளிகள் சொல்லப்படுகின்றன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. களத்தில் அங்கே விழும் அடி ஆளைச் சாய்க்கும் என்பது மரபு. அப்படிச் சாய்ந்தவரை எழுப்புவதற்கு அடங்கல் புள்ளிகளும் இளக்குமுறையும் அதே மரபில் இருக்கின்றன. அடியைக் கற்றவருக்கு இளக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசான்கள் வற்புறுத்துவார்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இன்று வர்ம சிகிச்சை தரப்படுகிறது. சண்டைக்காரனின் அறிவு புறநோயாளிகள் வரிசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் மங்க் வகுப்பைப் பாருங்கள். ஐந்தாம் லெவலில் அவருக்கு ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் கிடைக்கிறது. கி என்ற உள்சக்தியில் ஒரு புள்ளி செலவழித்து அடித்தால், தப்பிக்கும் சோதனையில் தோற்கும் எதிரி திகைத்து நிற்பார். 2020இல் வந்த டாஷா என்ற துணை விதிநூலின் வே ஆஃப் மெர்சி மங்க்குகள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஒரு கி புள்ளிக்கு அவர்களின் கை தீங்கு செய்யும், இன்னொரு கி புள்ளிக்கு அதே கை ஹிட் பாயின்ட்டை, அதாவது உயிர்ப் புள்ளிகளை, மீட்டுத் தரும். வர்மம் தெரிந்த ஊர்க்காரர் இந்தப் பக்கத்தைப் படித்தால் புதிதாக எதையும் படித்ததாக நினைக்க மாட்டார்.

மெர்சி மங்க் இல்லாத மேஜையிலும் இதைக் கொண்டுவரலாம். சாதாரண மங்க் ஒருவர், சுளுக்கிய காலோடு துடிக்கும் கிழவரைக் கவனிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் தெரிந்தவருக்கு நரம்போட்டம் தெரியும். ஒரு கி புள்ளியை வாங்கிக்கொண்டு, மருத்துவச் சோதனையில் அட்வான்டேஜ் (இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுக்கும் சலுகை) கொடுங்கள். ஹிட் பாயின்ட்டை மட்டும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் குழுவில் குணப்படுத்தும் கிளெரிக் ஆட்டக்காரருக்கு வேலை போய்விடும். வலி தணிந்தது, கிழவர் பேசுகிறார், ஊர் ரகசியம் ஒன்றைச் சொல்கிறார். அந்தக் கட்டத்துக்கு அவ்வளவு போதும்.

எழுத்தை ஒருமுறை படியுங்கள்

தீர்ப்புச் சொல்வதற்கு முன் விதிநூலில் அந்தந்த மந்திரத்தின் பத்தியை முழுவதும் படிப்பது பாதிச் சண்டையைத் தவிர்க்கும். ஃபயர் போல்ட் என்ற தீ மந்திரம் பொருளையும் தாக்கும். யாரும் அணியாத, கையில் பிடிக்காத, எரியக்கூடிய பொருள் பற்றிக்கொள்ளும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே விளக்கேற்றவும் வைக்கோல் போரைக் கொளுத்தவும் டிஎம்மிடம் கெஞ்ச வேண்டியதில்லை. எல்ட்ரிச் பிளாஸ்ட்டை 2014 விதிப்படி உயிர்களின் மேல் மட்டுமே செலுத்த முடியும். 2024இல் திருத்திய நூலில் பொருளையும் சேர்த்துவிட்டார்கள். ரே ஆஃப் ஃப்ராஸ்ட் உயிர்களின் மேல்தான் பாயும், தண்ணீர் உறையும் என்ற பேச்சே அதில் இல்லை. "குளிர்தானே, குளம் உறையட்டும்" என்று ஆட்டக்காரர் கேட்டால், டிஎம் ஒரு வாளித் தண்ணீர் அளவுக்கு உறையவிடலாம். குளத்தை உறையவிட்டால், அடுத்த வாரமே ஆற்றின் மேல் நடந்து போவார்கள்.

பொருள்களை உடைப்பதற்கும் ஐந்தாம் பதிப்பின் டிஎம் நூலில் கணக்கு இருக்கிறது. துணி, கயிற்றுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) 11, மரத்துக்கு 15, கல்லுக்கு 17, இரும்புக்கு 19. வண்டி அளவுள்ள உறுதியான பொருளுக்குச் சராசரி 27 ஹிட் பாயின்ட். நஞ்சும் மனத்தைத் தாக்கும் சேதமும் பொருள்களை ஒன்றும் செய்யாது. எந்த ஆயுதம் எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்பதை டிஎம்மின் பகுத்தறிவுக்கு விட்டிருக்கிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஜிஎஸ்டி சாலையில் அப்படி ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடக்கிறது, அதற்குப் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று காட்சி வைத்துப் பாருங்கள். கோடரி வைத்திருப்பவருக்கு வேலை வந்துவிட்டது. வில்லாளி அம்பெய்து மரத்தை அறுக்க முடியாது, அவர் வேறு யோசிக்க வேண்டும். எத்தனை ரவுண்டில் வழி திறக்கிறது என்பதே நெஞ்சு படபடக்கும் காட்சியாகிவிடும், எதிரி ஒருவர்கூட இல்லாமல்.

பார்பேரியன் வகுப்பின் ரேஜ் என்ற கோபாவேசம் இன்னொரு நல்ல பாடம். 2014 விதிப்படி அது ஒரு நிமிடம் நிற்கும். அதற்குள்ளும் எதிரியைத் தாக்காமலும் அடிவாங்காமலும் ஒரு சுற்றுப் போனால் அணைந்துவிடும். எதிரி இல்லாத இடத்தில் மரத்தைப் புரட்ட வந்தவரின் ரேஜ் அந்த ஒரே காரணத்தால் அணைந்துபோனது. 2024இல் இதை மாற்றினார்கள். போனஸ் ஆக்‌ஷன் கொடுத்தே ரேஜை நீட்டிக்கலாம், அதிகபட்சம் பத்து நிமிடம். மூன்றாம் லெவலிலிருந்து, கோபத்தில் இருக்கும்போது ஒளிந்து நடக்கவும் தடம் பார்க்கவும்கூட உடல் வலிமையைக் கொண்டே சோதனை போடலாம். ஆட்டத்தை எழுதுபவர்களே இந்தத் திசையில்தான் வந்துகொண்டிருக்கிறார்கள். பேட்டில் மாஸ்டர் என்ற போர்வீரர் வகைக்கு டாஷா நூல் தந்த கமாண்டிங் பிரசென்ஸ் என்ற உத்தியும் அப்படித்தான். களத்தில் உருட்டும் அதே டைஸை, மிரட்டலிலும் பேச்சுவார்த்தையிலும் கூட்டிக்கொள்ளலாம்.

நான்காம் பதிப்பை இன்னும் ஆடுபவர்கள் டிஎம் நூலின் 42ஆம் பக்கத்தை மடக்கி வைத்துக்கொள்வது நல்லது. விதியில் இல்லாத ஒன்றை ஆட்டக்காரர் கேட்டால் எந்த எண்ணை வைக்க வேண்டும், எவ்வளவு சேதம் தர வேண்டும் என்று லெவல்வாரியாக அங்கே அட்டவணை இருக்கிறது. அந்தப் பதிப்பில் ஒரு சிக்கலும் உண்டு. மோதலுக்கு ஒருமுறை என்ற சக்தி, ஐந்து நிமிட ஓய்வில் திரும்ப வந்துவிடும். சண்டை இல்லாத மதிய நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவரை இடித்துக்கொண்டே இருக்கலாம். இதை விதி போட்டுத் தடுப்பதைவிட, நேரத்தை விலையாக்குவது நல்ல வழி. தண்ணீர் ஏறுகிறது, காவல் மாறுகிறது, கடைசி ரயில் கிளம்புகிறது என்று கடிகாரம் ஓடினால் ஐந்து நிமிடம் பெரிய தொகையாகிவிடும்.

ஒரு செஷன்: முடிச்சூரில் தண்ணீர்

தென்சென்னைக் குழு ஒன்றுக்கு வெள்ள மீட்பு மிகப் பொருத்தமான செஷன். ஆனால் ஒன்றை முதலிலேயே செய்துவிடுங்கள். மேஜையில் உட்காருபவர்களில் சிலர் 2015இல் அதே தெருக்களில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களாக இருக்கலாம். வீட்டையோ வேண்டியவரையோ இழந்தவர்களாகவும் இருக்கலாம். ஆட்டத்துக்கு முந்தின நாளே தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். ஒருவர் தயங்கினாலும் ஊர்ப்பெயரையும் வெள்ளத்தையும் மாற்றிவிட்டு, புயலில் விழுந்த மரங்களை வைத்து ஆடலாம்.

எல்லோருக்கும் சம்மதம் என்றால், மேஜையில் இப்படி நடக்கக்கூடும். அடுக்குமாடி ஒன்றின் தரைத்தளத்தில் மார்பளவு தண்ணீர். கிரில் கேட்டுக்குப் பின்னால் ஒரு வயதான தம்பதி. தண்டர்வேவ், அதாவது எதிரில் இருப்பதை இடிமுழக்கத்தோடு தள்ளும் மந்திரம், வைத்திருக்கும் ஆட்டக்காரர் டிஎம்மிடம் பேசுகிறார்.

"அண்ணா, தண்டர்வேவ் போட்டு அந்த கேட்டைத் தள்ளிடறேன்."

"கேட்டு சுவத்துல பதிச்சிருக்கும்மா. எதுலயும் கட்டாம, பிணைக்காம கிடக்கற பொருளைத்தான் அது தானா தள்ளும். இன்னொண்ணு, பதினஞ்சு அடிக்குள்ள அந்தப் பெரியவங்களும் இருக்காங்க."

"ஐயோ, அவங்களுக்கும் அடி விழுமா?"

"விழும். சாதாரண ஜனங்களுக்கு நாலு ஹிட் பாயின்ட்தான்."

"மச்சி, வேணாம்," என்கிறார் பக்கத்தில் இருப்பவர். "கேட்டை நான் பார்த்துக்கறேன், பூட்டு மட்டும்தானே. நீ வேற ஏதாவது பாரு."

"அண்ணா, தெருவுல என்ன மிதக்குது?"

"காலி சின்டெக்ஸ் டேங்க் ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. உனக்கும் அதுக்கும் பத்தடி. கைக்கு எட்டல."

"அந்தப் பக்கம் போய் நின்னு, டேங்க்கை நம்ம வாசலைப் பார்த்துத் தள்றேன். பெரியவங்க பக்கம் திரும்ப மாட்டேன்."

"தள்ளும், சரியா பத்தடி. டைஸ் வேண்டாம். ஆனா சத்தம் முந்நூறு அடிக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்ணா. மாடியில மாட்டிக்கிட்டவங்களுக்கு ஆள் வந்திருக்கோம்னு தெரியட்டும்."

இந்தச் சின்ன உரையாடலில் டிஎம் செய்தவை கவனிக்கத்தக்கவை. விதிநூலில் இருப்பதை அப்படியே சொன்னார்: பிணைக்காத பொருள், பத்தடி, முந்நூறு அடி. முடியாது என்று சொன்ன கையோடு, எது தடுக்கிறது என்பதையும் சொன்னார். அதனால்தான் அடுத்த யோசனை பிறந்தது. நாலு ஹிட் பாயின்ட் கணக்கு மிக முக்கியம். தண்டர்வேவின் சேதம் இரண்டு எட்டுமுக டைஸ், சராசரி 9. அந்தப் பெரியவர்கள் தப்பிக்கும் சோதனையில் வென்று பாதி அடி வாங்கினாலும், சராசரியாக 4 போய்விடும், பூஜ்யத்துக்கு வந்துவிடுவார்கள். போர்ச் சக்திகள் போர்வீரர்களைத் தாக்குவதற்கென்று அளக்கப்பட்டவை. ஊர்ஜனங்களின் நடுவில் அவற்றை எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த எண்ணை டிஎம் உரக்கச் சொல்ல வேண்டும். தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் காலை எட்டரை மணிக்கு ஃபயர்பால் போடுவதாக மிரட்டும் ஆட்டக்காரரிடமும் இதையே சொல்லலாம். இருபதடி ஆரத்துக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக் காட்டினால் போதும்.

லெவல் உயர்ந்த குழுவாக இருந்தால் வால் ஆஃப் ஸ்டோன் வெளியே வரும். ஐந்தாம் நிலை மந்திரம், பத்தடிக்குப் பத்தடியாகப் பத்துப் பலகைகள், ஆறங்குல கனம். பத்து நிமிடம் முழுக்கக் கவனம் சிதறாமல் பிடித்தால் சுவர் நிரந்தரமாகிவிடும். எதிரியை மறிப்பதற்காகப் போடும் சுவர், அடையாற்றுக்கு ஒரு கரையாக நிற்கும். ஏற்கெனவே இருக்கும் கல்லோடு அது இணைந்து, அதன் மேல் ஊன்றி நிற்க வேண்டும் என்று விதி சொல்கிறது. வண்டல் மண்ணில் அது ஊன்றுமா, பாலத்தின் கட்டுமானத்தோடு சேர்த்து எழுப்பலாமா என்று பேசுவதே ஒரு நல்ல கால்மணி நேரம்.

அதைவிடப் பெரிய கேள்வி, மறித்த தண்ணீர் எங்கே போகும் என்பது. தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. மேற்கே முடிச்சூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்கு. ஒரு கலங்கலை அடைத்தால் அடுத்த ஊர் ஏறும். ஆட்டக்காரர்கள் ஒரு தெருவைக் காப்பாற்றச் சுவர் எழுப்பினால், தண்ணீர் திரும்பிய தெருவிலிருந்து ஒருவர் ஓடிவந்து கதவைத் தட்டட்டும். ஊரின் வரைபடம் ஒன்றை அச்சடித்து மேஜையில் விரித்துவிட்டால் இதற்கெல்லாம் டிஎம் கற்பனை செய்யக்கூட வேண்டாம்.

விதிநூல் கைகொடுக்காத இடத்தில் ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்திலிருந்து ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கலாம். 2017இல் நூலாக வந்த அந்த ஆட்டத்தில் சண்டைக்கென்று தனி விதிப்பகுதி கிடையாது. கத்தி வீசினாலும் கதவை உடைத்தாலும் ஒரே வழிமுறைதான். டைஸ் உருட்டுவதற்கு முன், இது எவ்வளவு ஆபத்து, பலித்தால் எவ்வளவு பலன் என்று இரண்டையும் நடத்துபவர் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். கேட்ட பிறகு ஆட்டக்காரர் பின்வாங்கலாம். டி அண்ட் டி மேஜையில் இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே, "இப்படி ஆகும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்ற தகராறு பெருமளவு குறையும்.

செஷன் முடிந்ததும் தீர்ப்புகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், தேதியோடு. ரே ஆஃப் ஃப்ராஸ்ட்: ஒரு வாளித் தண்ணீர் உறையும், ஓடும் தண்ணீர் உறையாது. ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்: ஒரு கி புள்ளிக்கு மருத்துவச் சோதனையில் அட்வான்டேஜ், ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் ஒருமுறை. தண்டர்வேவ்: மிதக்கும் பொருளை டைஸ் இல்லாமல் தள்ளும். நோட்டு எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். லெவல் ஏறி எந்த மந்திரத்தை எடுப்பது என்று யோசிக்கும் ஆட்டக்காரர், விதிநூலோடு இந்த நோட்டையும் புரட்டிவிட்டு முடிவு செய்வார்.